அந்த ஒரு வினாடி யாருடையது? ஈவ் ஆன்லைனில் வேகத்தை அளந்த கதை

போன எபிசோடுக்குப் பிறகு கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி எழுதியிருந்தார். "அண்ணா, ஆன்லைன் கேம்ல வண்டி ஓட்டும்போது ஓரத்துல ஒரு ஸ்பீடு நம்பர் ஓடுதே, அது நிஜமாவே எதையாவது அளக்குதா, இல்ல சும்மா படம் காட்டுதா?"

ரொம்ப நியாயமான கேள்வி. ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: அளக்கிறது. ஆனால் எதை அளக்கிறது, யாருடைய கடிகாரத்தை வைத்து அளக்கிறது என்று கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. இன்றைக்கு அந்த வரலாற்றைத்தான் பேசப்போகிறோம். எடுத்துக்கொள்ளப் போகிற கேம், ஈவ் ஆன்லைன். விண்வெளிக் கப்பல்கள் ஓட்டுகிற ரோல்-பிளேயிங் கேம். நான் பல வருஷம் ஆடியது, பல வருஷம் தூக்கத்தைத் தொலைத்தது.

என் முதல் தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். 2010. வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து தங்கியிருந்த ஒரு ரூம். எனக்கு ஈவ் சொல்லிக்கொடுத்தது அதே ரூமில் இருந்த ஒரு அண்ணன். நான்கு வாரம் காசு சேர்த்து ஒரு சின்ன வேகக்கப்பல் வாங்கினேன். தூரத்தில் ஒரு பெரிய போர்க்கப்பல் தெரிந்தது. நான் என்ன செய்தேன்? இன்ஜினை முழுக்க முடுக்கி, நேராக அதை நோக்கிப் பாய்ந்தேன். திரையில் வினாடிக்கு 2,500 மீட்டர் என்று காட்டுகிறது. இவ்வளவு வேகமாகப் போகிறவனை எவன் சுட முடியும் என்று ஒரு தெனாவட்டு. ஒரே சுற்று. வெடித்துவிட்டேன். நான்கு வாரச் சேமிப்பு காலி.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் சொன்னார்: "டேய், நீ வேகமாவே போகலடா. அவனைப் பொறுத்தவரைக்கும் நீ ஒரே இடத்துல நின்னுட்டிருந்த."

அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. புரிய வைக்க, உங்களைக் கொஞ்சம் பின்னால் கூட்டிக்கொண்டு போகிறேன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக்கு, நிஜமான கடலுக்கு.

நடுக்கடலில் ஒரு பாய்மரக் கப்பல். சுற்றிலும் தண்ணீர். மைல்கல் கிடையாது, கரை கிடையாது. எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 16-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மாலுமிகள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகத் தண்ணீரில் போடுவார்கள். மரத்துண்டு ஏறக்குறைய போட்ட இடத்திலேயே மிதக்கும், கப்பல் விலகிப் போகும், கயிறு உருவிக்கொண்டு போகும். அந்தக் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள். பக்கத்தில் ஒருவர் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்துப் பிடித்திருப்பார். மணல் விழுந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, அதுதான் வேகம். ஆங்கிலத்தில் முடிச்சுக்கு 'நாட்'. கப்பல் வேகத்தை இன்றைக்கும் நாட் கணக்கில் சொல்கிறோமே, அது இந்தக் கயிற்று முடிச்சுதான்.

பின்னாளில் இந்த அளவு நிலைப்பட்டபோது கணக்கு இப்படி இருந்தது: 28 வினாடி மணற்கடிகாரம், முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். கப்பல் ரொம்ப வேகமாகப் போனால் 14 வினாடிக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, எண்ணிய முடிச்சை இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்க. கயிறு பாதி, கடிகாரம் பாதி. ஈரக்காற்றில் மணல் மெதுவாக விழுந்தால், அதற்குள் கூடுதலாக முடிச்சு ஓடிவிடும். கப்பல் அதே வேகத்தில்தான் போகிறது, ஆனால் கணக்கில் வேகம் கூடிவிடும். அந்தத் தப்பான கணக்கை நம்பி வரைபடத்தில் கோடு போட்டால், பாறையைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் பாறை முன்னால் நிற்கும். வேகத்தை அளப்பது எப்போதுமே இரண்டு வேலை: தூரத்தையும் அளக்கணும், காலத்தையும் அளக்கணும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் தேவைப்படும்.

சரி, ஈவுக்கு வருவோம். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 1997-ல் தொடங்கிய சிசிபி என்ற நிறுவனம் உருவாக்கியது. கேம் வெளிவந்தது 2003 மே 6. 5,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள். சீனாவுக்கு மட்டும் பிறகு தனி சர்வர் வந்தது; மற்றபடி உலகம் முழுக்க எல்லாருக்கும் ஒரே உலகம், லண்டனில் இருக்கிற டிராங்குவிலிட்டி என்ற சர்வர். மற்ற கேம்களில் நூறு சர்வர்களில் நூறு பிரதி உலகங்கள் ஓடும். இங்கே ரஷ்யாக்காரரும் பிரேசில்காரரும் வேளச்சேரிக்காரனும் ஒரே வானத்தில்.

அந்த வானத்தில் கப்பலின் வேகம் மீட்டர்/வினாடி கணக்கில். ஒரு சராசரி நடுத்தரக் கப்பல் சும்மா போனால் 200, 250 மீட்டர். 250 மீட்டர்/வினாடி என்றால் மணிக்கு 900 கிலோமீட்டர், அதாவது சென்னையிலிருந்து டெல்லி போகிற ஜெட் விமானத்தின் வேகம். நம் தலைக்கு மேல் நிஜமாகவே சுற்றுகிற சர்வதேச விண்வெளி நிலையம் வினாடிக்கு 7.6 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. ஆக, நட்சத்திரங்களுக்கு இடையே யுத்தம் நடத்துகிற கப்பல், நம் விண்வெளி நிலையத்தைவிட முப்பது மடங்கு மெதுவு!

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நிஜ விண்வெளியில் உச்ச வேகம் என்று இப்படி ஒன்று கிடையாது. உராய்வு இல்லை, இன்ஜின் எரிகிற வரை வேகம் கூடிக்கொண்டேதான் போகும். ஈவில் இன்ஜினை நிறுத்தினால் கப்பல் தானாக நின்றுவிடும். ஏனென்றால் அந்த வானம் கணிதப்படி ஒரு திரவம். கப்பல்கள் எண்ணெய்க்குள் நீந்துகிற மாதிரி நகர்கின்றன. முதலில் சட்டென்று வேகம் ஏறும், உச்சத்தை நெருங்க நெருங்க ஏற்றம் குறையும்.

ஏன் இப்படி? காரணம் சர்வரின் கடிகாரம். ஈவ் சர்வர் உலகத்தை வினாடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது. யார் எங்கே இருக்கிறார்கள், யார் யாரைச் சுட்டார்கள், எல்லாம் வினாடிக்கு ஒருமுறை. அதை 'டிக்' என்பார்கள், கடிகாரம் டிக் அடிப்பது போல. நம் திரையில் கப்பல் வழுக்கிக்கொண்டு போவது நம் கம்ப்யூட்டர் நடுவில் நிரப்பிக்கொள்கிற படம். உண்மை டிக்குக்கு டிக்தான். இப்போது கப்பல்கள் நிஜ விண்வெளி வேகத்தில் போனால், ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் 7 கிலோமீட்டர் தாண்டிவிடும். சண்டையே 10, 20 கிலோமீட்டர் தூரத்தில் நடக்கிற கேமில், சண்டை என்று ஒன்று நடக்காது.

இந்த டிக் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். கப்பல் வார்ப், அதாவது நெடுந்தூரப் பாய்ச்சலுக்குள் போக வேண்டுமென்றால், போகிற திசையில் தன் உச்ச வேகத்தில் 75 சதவீதத்தை எட்ட வேண்டும். அதற்கு எத்தனை வினாடி என்பதற்கு ஒரு சூத்திரம்: கப்பலின் எடையைக் கிலோவில் எடுத்து, அதன் இனர்ஷியா எண்ணால் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்து, 1.386-ஆல் பெருக்கணும். 10 லட்சம் கிலோ எடை, இனர்ஷியா 3 என்றால், 4.2 வினாடி வரும். ஆனால் சர்வர் அதை அடுத்த டிக்கில்தானே பார்க்கும்? ஆக 5 வினாடி. 4.9 வந்தாலும் 5-தான். அதனால் அரை வினாடியைக் குறைக்க லட்சக்கணக்கில் கேம் பணத்தைக் கொட்டி உபகரணம் வாங்கி, கடைசியில் ஒரு பயனும் இல்லாமல் போனவர்கள் உண்டு. 2.1-ஐ 1.9 ஆக்கியவர்களோ கிட்டத்தட்ட யாராலும் பிடிக்க முடியாதவர்கள் ஆனார்கள். கப்பல் அதேதான், டிக்கின் எந்தப் பக்கம் விழுந்தது என்பதில்தான் உயிர்.

சரி, என் கப்பல் ஏன் வெடித்தது? ஈவில் வேகத்துக்கு ஒரு நம்பர் இல்லை, பல நம்பர். மொத்த வேகம் ஒன்று. உங்களை நோக்கி வருகிற வேகம் ஒன்று. குறுக்காகப் போகிற வேகம் ஒன்று. அப்புறம் கோண வேகம்: உங்கள் பீரங்கி என்னைக் குறிவைத்துத் திரும்ப வேண்டுமே, அது எவ்வளவு சீக்கிரம் திரும்ப வேண்டும் என்ற அளவு. குறுக்கு வேகத்தைத் தூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 10 கிலோமீட்டர் தள்ளி, வினாடிக்கு 1,000 மீட்டர் வேகத்தில் உங்களைச் சுற்றினால், வினாடிக்கு 0.1 ரேடியன். அதே வேகத்தில் 50 கிலோமீட்டர் தள்ளிச் சுற்றினால் வெறும் 0.02.

ரோட்டோரம் நின்று பஸ் பாருங்க. பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற பஸ்ஸைப் பார்க்கக் கழுத்தை வெடுக்கென்று திருப்பணும். தூரத்தில் நேராக நம்மை நோக்கி வருகிற பஸ்ஸைப் பார்க்கக் கழுத்தை அசைக்கவே வேண்டாம். நான் அந்த பஸ். 2,500 மீட்டரும் அவனை நோக்கி. குறுக்கு வேகம் பூஜ்யம், கோண வேகம் பூஜ்யம். அவன் பீரங்கி ஒரு இழைகூடத் திரும்ப வேண்டியிருக்கவில்லை. போதாக்குறைக்கு, நான் போட்டிருந்த மைக்ரோவார்ப் டிரைவ் கப்பலின் வேகத்தைக் கூட்டும்போதே, எதிரியின் ரேடாரில் அதை 6 மடங்கு பெரிதாகவும் காட்டும். அண்ணன் சொன்னது உவமை இல்லைங்க. கணக்கு.

அந்த அண்ணனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் 'நானோ' காலத்து ஆள். 2008 வரைக்கும் ஈவில் ஒரு காலம் இருந்தது. கப்பலை இலகுவாக்குகிற நானோஃபைபர் பாகங்கள், பாலிகார்பன் ரிக், விமானியின் மூளையில் பொருத்துகிற ஸ்னேக் இம்ப்ளான்ட் என்று எல்லாவற்றையும் அடுக்கினால், வேகாபாண்ட் மாதிரியான கப்பல்கள் வினாடிக்கு 10 கிலோமீட்டரைக்கூடத் தாண்டின. ஏவுகணை துரத்திப் பிடிக்க முடியாது. பீரங்கி திரும்புவதற்குள் ஆள் இல்லை. எதிரியின் வேகத்தைக் குறைக்கிற 'வெப்' என்ற கருவிக்கு எட்டுகிற தூரமே 10 கிலோமீட்டர்தான். நானோ கப்பல் ஒரே டிக்கில் அந்த எல்லைக்குள் நுழைந்து வெளியேறிவிடும். காசு இருக்கிறவன் தோற்கவே மாட்டான் என்ற நிலை.

2008-ல் சிசிபி மொத்த வேக அமைப்பையும் திருத்தி எழுதியது. அடுக்க அடுக்கப் பலன் குறைகிற மாதிரி மாற்றினார்கள். உச்ச வேகங்கள் சரிந்தன. அதுவரை 90 சதவீதம் வேகத்தை உறிஞ்சிய வெப், 60 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'நானோ நெர்ஃப்'. அண்ணன் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொத்து பறிபோன மாதிரிதான் பேசுவார். ஆனால் கடைசியில், "அப்படியே விட்டிருந்தா கேம் செத்திருக்கும்டா" என்றும் சொல்வார். இரண்டுமே உண்மை என்றுதான் நினைக்கிறேன்.

வார்ப் வேகம் தனிக்கதை. அங்கே மீட்டர் கிடையாது, வானியல் அலகு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம் ஒரு அலகு, சுமார் 15 கோடி கிலோமீட்டர். வெளிச்சத்துக்கு இதைக் கடக்க 499 வினாடி. நான் ஆடிய காலத்தில் ஈவில் ஒரு நடுத்தரக் கப்பல் வினாடிக்கு 3 அலகு பாயும். கணக்குப் போட்டால் ஒளியைப்போல 1,500 மடங்கு! ஆனால் ரொம்ப வருஷம் இந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை. சிறிய கப்பலும் பெரிய கப்பலும் பாய்ச்சலில் வேகம் எடுப்பதும் குறைப்பதும் ஒரே மாதிரி இருந்ததால், குறுகிய தூரத்தில் இரண்டும் ஒன்றாகவே போய்ச் சேரும். 2013 நவம்பரில் வந்த ரூபிகான் பதிப்பு அதை மாற்றியது. வார்ப் வேகம் அதிகமான கப்பல், வேகமெடுப்பதிலும் சீக்கிரம். அதன்பிறகுதான் சின்னக் கப்பல் நிஜமாகவே முந்தியது.

இதுவரை பேசியதெல்லாம் கயிறு. தூரம், திசை, எடை. இனி மணற்கடிகாரத்துக்கு வருவோம். எனக்கு முக்கியமானது இதுதான்.

எல்லாரும் ஒரே வானத்தில் என்றேன் இல்லையா? அப்படியென்றால் ஒரே மண்டலத்தில் ஆயிரம், இரண்டாயிரம் பேர் சண்டைக்கு வந்துவிட்டால்? ஒரு வினாடிக்குள் முடிக்க வேண்டிய கணக்கை சர்வரால் முடிக்க முடியாது. வேலை குவியும். பொத்தானை அழுத்தினால் எப்போது சுடும் என்று தெரியாது. ஒருவர் கட்டளை உடனே நடக்கும், இன்னொருவர் கட்டளை சில நிமிஷம் கழித்து. வேகக் கப்பல், மெதுக் கப்பல் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. யாருடைய கட்டளை வரிசையில் முன்னால் நின்றதோ அவர்தான் வேகம். மாதக்கணக்கில் திட்டமிட்டு நடத்துகிற போர்கள் இப்படி அதிர்ஷ்டத்தில் முடிந்தன.

2011-ல் அறிவித்து 2012 ஜனவரியில் சிசிபி கொண்டுவந்த தீர்வு: 'டைம் டைலேஷன்'. சர்வர் திணறினால், அந்த மண்டலத்தின் காலத்தையே மெதுவாக்கிவிடு. குறைந்தபட்சம் 10 சதவீதம் வரை. அதாவது அங்கே ஒரு வினாடி கடக்க, நம் கைக்கடிகாரத்தில் 10 வினாடி ஆகும். கப்பல் வேகம் திரையில் இப்போதும் 250 மீட்டர்/வினாடி என்றுதான் காட்டும். பொய் இல்லை, அந்த உலகத்து வினாடிக்கு 250 மீட்டர்தான். நம் வினாடிக்குப் பார்த்தால் 25. மணல் மெதுவாக விழுகிறது, ஆனால் எல்லாருக்கும் ஒரே மணல். பெரிய கப்பல், சின்னக் கப்பல், பணக்காரன், புதுசா வந்தவன், எல்லாருக்கும் அதே அளவு மெதுவு.

இதன் உச்சம் 2014 ஜனவரி 27, 28-ல் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் நடந்தது. அந்த மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை கட்டப்படாமல் போனது. அவ்வளவுதான், உரிமை கைநழுவியது, சண்டை மூண்டது. சுமார் 21 மணி நேரம். மொத்தம் 7,500-க்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்தார்கள். கேமின் ஆகப்பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. நிஜப் பணமாக மாற்றிப் பார்த்தால் 3 லட்சம் டாலர் அளவுக்கு என்று அப்போது மதிப்பிட்டார்கள். சண்டையின் பெரும்பகுதி 10 சதவீதக் காலத்தில். 21 மணி நேரம் முழுக்க அப்படியே ஓடியிருந்தால், உள்ளே கடந்தது 2 மணி நேரம் சொச்சம்தான்.

அதில் யாரும் முழுசா எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. காலம் மெதுவானது அந்த மண்டலத்தில். தூரத்து மண்டலங்களில் கடிகாரம் வழக்கம்போல ஓடியது. அதனால் எங்கோ இருந்தவர்கள் சாவகாசமாகக் கிளம்பி, முழு வேகத்தில் வந்து, சண்டை முடிவதற்குள் சேர்ந்துகொள்ள முடிந்தது. ஐரோப்பாக்காரர் தூங்கப் போக, அமெரிக்காக்காரர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தார். கப்பலின் வேகம் தாண்டி, யாருக்குத் தூக்கம் வராது, யாருக்கு மறுநாள் லீவு என்பதெல்லாம் போரை முடிவு செய்தது. கடைசியில் சண்டையை ஓயவைத்தது, தினமும் சர்வரை நிறுத்திப் பராமரிக்கிற நேரம். நம்ம ஊர் கணக்கில் மாலை நாலரை. உடைந்த டைட்டன்களின் சிதிலங்களை அங்கேயே நினைவுச்சின்னமாக விட்டுவைத்தார்கள்.

இதற்கும் ஒரு அடித்தளம் உண்டு. 10 சதவீதத்துக்குக் கீழே போக முடியாது. 2020 டிசம்பர் கடைசி நாளில் எம்2-எக்ஸ்எஃப்இ என்ற மண்டலத்தில் 250-க்கும் மேற்பட்ட டைட்டன்கள் அழிந்தன. இரண்டு நாள் கழித்து அடுத்த சுற்றுக்குப் பெரும்படை பாய்ந்தபோது சர்வர் தாங்கவில்லை. பலருக்கு மண்டலம் திரையில் வரவேயில்லை. மணற்கடிகாரம் நின்றுவிட்டால், கயிறு எவ்வளவு நீளம் இருந்து என்ன?

கடைசியாக ஒன்று. சென்னையிலிருந்து லண்டன் வானவழியாகச் சுமார் 8,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். போய்வரவே குறைந்தது 80 மில்லிவினாடி. கேபிள் சுற்றிவளைத்துப் போவதால் நிஜத்தில் இரண்டு மடங்குக்கு மேல். துப்பாக்கி கேம்களில் இது சாவு. ஐரோப்பாவில் இருக்கிற பையன் நான் பார்ப்பதற்கு முன்பே என்னைச் சுட்டிருப்பான். ஈவில் டிக் ஒரு வினாடி. லண்டன்காரரின் கட்டளையும் என் கட்டளையும் பெரும்பாலும் ஒரே டிக்கில் போய் விழும். வேளச்சேரி ரூமில், பாதி ராத்திரியில், சுமாரான கனெக்‌ஷனில் உட்கார்ந்து நான் அந்த உலகத்தில் சமமாக ஆட முடிந்ததற்குக் காரணம் அந்த மந்தமான கடிகாரம். அப்போது அது எனக்குத் தெரியாது. கேம் ஏன் இவ்வளவு ஸ்லோ என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக தம்பி, உங்க கேள்விக்குப் பதில். அந்த நம்பர் நிஜமாகவே அளக்கிறது. ஆனால் அடுத்தமுறை பார்க்கும்போது மேலே இருக்கிற மீட்டரை மட்டும் பார்க்காதீங்க. கீழே இருக்கிற வினாடியையும் பாருங்க. அது யாருடைய வினாடி, எல்லாருக்கும் ஒன்றா என்று கேளுங்க.

அண்ணன் இப்போது கேம் ஆடுவதில்லை. போன வாரம் போனில் பேசினோம். ஒரு வயசுப் பேத்தி தவழ ஆரம்பித்திருக்கிறாளாம். "வேகம் எப்படிண்ணே?" என்று கேட்டேன். "நேரா நம்மள நோக்கித்தான்டா வர்றா. தப்பிக்கவே முடியாது" என்றார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். உங்கள் கேள்விகளை எழுதி அனுப்புங்க.